லண்டன் தெருவில் நரி திரிகிறது, சென்னையில் ஏன் இல்லை?

பெரும்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது: “என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நரி சகாராவிலும் இருக்கிறது, துருவப் பனியிலும் இருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறாள். ஒரே விலங்கு எப்படி இரண்டு இடத்திலும் வாழும் என்று கேட்கிறாள். லண்டனில் வீட்டுத் தோட்டத்துக்கே வருகிறதாம். அப்படியானால் சென்னையில் ஏன் இல்லை? எங்கள் பக்கம் ராத்திரியில் நரியைப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்களே, அது என்ன?”

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் ராத்திரியில் பார்த்தது அநேகமாக ஜாக்கால். சென்னைக்காரர்கள் நரி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான், வெளிமானோடு இருப்பதும், விமான நிலையத்தில் தலைகாட்டி அவ்வப்போது செய்தியில் வருவதும் இதுவே. நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். எட்டு, பத்து கிலோ எடை, நீளமான கால், நாய் நடை, பொழுது சாய்ந்தால் கூட்டமாக ஊளை. உங்கள் மகள் படித்தது ஃபாக்ஸ் எனப்படும் நரி. அது நாய்க் குடும்பத்திலேயே வேறு கிளை. நம் நாட்டு ஃபாக்ஸைச் சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கம் வங்கா நரி என்பார்கள். எடை இரண்டு மூன்று கிலோதான். முகம் ஒடுங்கி, கால் மெலிந்து, உடம்பில் பாதிக்கு மேல் நீளமான புசுபுசு வால். ஜாக்காலின் வால் அவ்வளவு நீளமில்லை. இரண்டுக்குமே வால் நுனி கருப்பாக இருக்கும், ஆகவே நுனியை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். இனி இந்தப் பதிலில் நரி என்றால் ஃபாக்ஸ்தான், மற்றதை ஜாக்கால் என்றே சொல்கிறேன்.

சரி, “ஒரே விலங்கு” என்ற இடத்துக்கு வருவோம். சகாராவில் இருப்பதும் துருவத்தில் இருப்பதும் ஒரே விலங்கு அல்ல, ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். வல்பஸ் என்ற அந்தப் பேரினத்தில் 12 இனங்கள் உண்டு. வம்சத்துக்கே பொதுவான மூலதனம் என்று பார்த்தால் மூன்று: சிறிய உடம்பு, எதையும் தின்னும் வாய், மண்ணுக்குள் ஒரு வளை. உடம்பு சிறியது என்பதால் ஒரு நாளைக்கு நான்கைந்து எலி, ஒரு கை வெட்டுக்கிளி, கொஞ்சம் பழம் கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும். ஓநாய்க்கு மான் வேண்டும், மான் இருக்க வேண்டுமென்றால் அதற்கேற்ற பெரிய நிலம் வேண்டும். நரிக்கு அந்தக் கவலை இல்லை. எஞ்சிய வெயில், குளிர், பகை எல்லாவற்றுக்கும் வளை பதில் சொல்லிவிடும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இனமும் தன் ஊருக்கு ஏற்றபடி உடம்பை மாற்றிக்கொண்டது.

சகாராவின் ஃபென்னெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க் குடும்பத்திலேயே மிகச் சிறியது, ஒன்று, ஒன்றரைக் கிலோ. காது மட்டும் 15 சென்டிமீட்டர் வரை போகும். அந்த மெல்லிய காதில் ரத்தம் ஓடும்போது உடம்புச் சூடு வெளியேறிவிடும். மணலுக்கு அடியில் வண்டு ஊர்ந்தாலும் கேட்கும். உள்ளங்காலில் முடி வளர்ந்திருப்பதால் சுடுமணலில் கால் வேகாது. பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். சிறுநீரகம் தண்ணீரைச் சொட்டு விடாமல் பிழிந்து எடுத்துக்கொள்வதால், இரையிலும் கிழங்கு, பழத்திலும் இருக்கும் ஈரத்தை வைத்தே வெகுநாள் ஓட்டிவிடும். வெயில் மிஞ்சினால் நிமிடத்துக்கு 600 தடவைக்கு மேல் இரைக்கும். இதன் மறுபக்கம்தான் வேடிக்கை: வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுங்க ஆரம்பித்துவிடும். மார்கழி விடியலில் மெரினாவில் அதை விட்டால் பாவம், ஸ்வெட்டர் கேட்கும்.

துருவ நரியிடம் எல்லாம் தலைகீழ். காது சின்னது, மூக்கு குட்டை, கால் குட்டை. குளிர் நாட்டு விலங்குகளுக்குக் காது, கால், வால் போன்று நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள் குறுகும் என்று 1877-இல் ஜோயல் அசாஃப் ஆலன் எழுதிவைத்தார். பாடப் புத்தகத்தில் ஆலன் விதி என்று வரும். ஃபென்னெக் படத்தையும் துருவ நரி படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அந்த விதிக்கு வேறு விளக்கமே வேண்டாம், ப்ராஜெக்ட்டுக்கும் அழகாக இருக்கும். கோடையில் பழுப்பாக இருக்கும் முடி பனிக்காலத்தில் வெள்ளையாகி அடர்த்தியாகிவிடும். மைனஸ் 40 டிகிரியில் பனி மேல் சுருண்டு படுத்து, வாலால் மூக்கை மூடிக்கொண்டு தூங்கும்.

வெறும் கால் பனியில் உறையாமல் இருப்பது எப்படி என்று கேட்கலாம். பாதத்துக்குப் போகும் சூடான ரத்தக் குழாயும், பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. போகும் ரத்தம் தன் சூட்டைத் திரும்பி வரும் ரத்தத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. பாதம் உறையாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கீழே போகிறது. பாதத்தைக் கதகதப்பாக வைத்திருக்க அது முயல்வதே இல்லை. அப்படி முயன்றால் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

ஆனால் துருவ நரிக்குக் குளிரைவிடப் பெரிய பிரச்சினை சாப்பாடு. லெம்மிங் என்ற எலி வகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் கொட்டும், அடுத்த ஆண்டே காணாமல் போகும். பெருகும் ஆண்டில் இந்த நரி ஒரே ஈற்றில் பத்துக்கு மேல் குட்டி போடும், இல்லாத ஆண்டில் குட்டியே போடாமல் விட்டுவிடும். லெம்மிங் இல்லாத கரையோரங்களில் கடற்பறவை முட்டை, செத்த கலைமான், துருவக் கரடி தின்று மிச்சம் வைத்த சீல் என்று எது கிடைக்கிறதோ அது. அதுவும் இல்லையென்றால் நடக்கும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட ஒரு பெண் நரி, 2018-இல் கடல் பனிமீதே நடந்து கிரீன்லாந்தைத் தாண்டி, கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 76 நாளில் 3,506 கிலோமீட்டர். ஒரே நாளில் 155 கிலோமீட்டர் நடந்ததும் அந்தக் கணக்கில் உண்டு. அதாவது சென்னையிலிருந்து புதுச்சேரியைத் தொட்டுவிடும் தூரம்.

இன்னும் சில இனங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கப் புல்வெளியின் வௌவால்காது நரி கறியை ஏறக்குறைய விட்டுவிட்டுக் கறையானுக்கு மாறிவிட்டது. மற்ற நரிகளுக்கு 42 பல் என்றால் இதற்கு 46 முதல் 50 வரை, எல்லாம் சின்னச் சின்னப் பல். அமெரிக்காவின் சாம்பல் நரி மரம் ஏறும், வளைந்த நகமும் திருப்பக்கூடிய முன்னங்காலும் அதற்கு உதவுகின்றன. பிளான்ஃபோர்டு நரி மேற்காசியாவின் செங்குத்துப் பாறைகளில் தாவும், நீள வால் அதற்குத் துடுப்பு. திபெத்திய நரி லடாக்கின் உயர்ந்த மேட்டுநிலங்களிலும் உண்டு. முயலுக்குச் சொந்தமான பைக்காவைப் பிடித்தே வாழ்கிறது. இந்த வௌவால்காதும் சாம்பலும் வல்பஸ் பேரினத்தில் சேராதவை, பெயரால்தான் நரி.

லண்டனில் திரிவது இவை எதுவும் அல்ல, செந்நரி. உலகத்தின் தரைவாழ் ஊனுண்ணிகளில் இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் வாழும் காட்டுவிலங்கு வேறில்லை: ஐரோப்பா, ஆசியாவின் பெரும்பகுதி, வட அமெரிக்கா, வட ஆப்பிரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே இருந்த சின்னச் சின்னப் பை விலங்குகளுக்கு அது எமனாகிவிட்டது. இந்தியாவுக்குள்ளேயே இதன் வீச்சைப் பார்க்கலாம். லடாக் பனியில் கொழுகொழுவென்று முடி மூடிய செந்நரி, கட்ச் உப்புப் பரப்பிலும் தார் பாலைவனத்திலும் மெலிந்து வெளிறிப்போன செந்நரி. இரண்டும் ஒரே இனம்தான், இரண்டுக்கும் வால் நுனி வெள்ளை.

செந்நரியின் உடம்பில் துருவ நரி போலவோ ஃபென்னெக் போலவோ விசேஷம் ஒன்றும் கிடையாது. அது மாற்றிக்கொள்வது பழக்கத்தை. ஆள் நடமாட்டம் அதிகமென்றால் ராத்திரிக்கு மாறிவிடும், தொந்தரவில்லை என்றால் பகலிலும் உலாவும். முயல் இருந்தால் முயல், இல்லையென்றால் மண்புழு, அதுவும் இல்லையென்றால் குப்பைத் தொட்டி. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே லண்டன் புறநகரில் தோட்டம் வைத்த வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. புல்தரையில் மண்புழு, வேலியோரம் புதர், மரக் கொட்டகைக்கு அடியில் வளை தோண்ட இடம். ஊர் நரியிடம் வந்தது, நரி இருந்துகொண்டது. 2011-இல் ஷார்டு என்ற கோபுரம் கட்டிக்கொண்டிருந்தபோது 72-ஆவது மாடியில் ஒரு இளம் நரியைப் பிடித்தார்கள். வேலையாட்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத் தின்றே அங்கே காலம் தள்ளியிருக்கிறது. லண்டன் நகரத்து நரிகளின் மண்டையோடுகளைச் சுற்றியுள்ள கிராமத்து நரிகளுடையதோடு ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வும் வந்தது. நகரத்து நரிக்கு மூஞ்சி சற்றுக் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, வெயிலும் பனியும்தான் வாழிடத்தைத் தீர்மானிக்கின்றன என்று தோன்றும். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை முடிவு செய்வது, அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பது. பாடப் புத்தகங்கள் இதைச் சொல்லாமல் நழுவுவதில் எனக்கு வருத்தம் உண்டு. துருவ நரிக்குத் தெற்கே வந்து வாழ உடம்பு இடம் கொடுக்கும். ஆனால் தெற்கே செந்நரி இருக்கிறது, பெரிய உடம்பு, அடித்துத் துரத்திவிடும். ஸ்காண்டிநேவியாவில் குளிர் குறையக் குறையச் செந்நரி மலையேறி வருகிறது, துருவ நரி ஒதுங்க இடமில்லாமல் தவிக்கிறது. வட அமெரிக்காவில் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு செந்நரியை விரட்டும், ஓநாய் கயோட்டியை விரட்டும். ஆகவே ஓநாய் இருக்கும் காட்டில் நரிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். நாய்க் குடும்பத்துக்குள் பங்காளிச் சண்டை அப்படி.

இப்போது நம் வங்கா நரி. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதற்குக் காடு பிடிக்காது, அதுதான் பலருக்கு ஆச்சரியம். அடர்ந்த காடு, செங்குத்து மலை, ஆளுயரப் புல் எல்லாவற்றையும் தவிர்க்கும். வேண்டியது வெட்டவெளி: மழை மறைவுப் பகுதியின் மேய்ச்சல் நிலம், முள்செடி தெறித்த பொட்டல், மானாவாரி நிலத்தின் ஓரம். திருநெல்வேலிப் பக்கத்துப் பொட்டலில் இதைக் கவனித்து காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1978-லேயே கட்டுரை எழுதினார். நம் ஊர் நரியைப் பற்றிய முன்னோடி வேலைகளில் அது ஒன்று.

நான் வளையைக் கிட்டத்தில் பார்த்தது காங்கேயம் பக்கத்தில் ஒரு கொறங்காட்டில். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளரவிட்டு ஆடு மாடு மேய்க்கும் நிலத்தைத்தான் அங்கே கொறங்காடு என்பார்கள். வளை வாய் ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முன்னால் தோண்டித் தள்ளிய சிவப்பு மண், அதில் சின்னச் சின்னக் கால் தடம். நாலைந்து எட்டு தள்ளி இன்னொரு வாய், வேலியோரம் மூன்றாவது. ஒன்றில் பகை நுழைந்தால் மற்றொன்றில் வெளியேறலாம். மேட்டில் தோண்டியிருந்ததால் மழைத் தண்ணீர் இறங்காது. எச்சத்தைக் குச்சியால் உடைத்தால் பளபளவென்று வண்டின் ஓடு, வெட்டுக்கிளிக் கால், எலி முடி, நடுவில் முழுசாக இலந்தைக் கொட்டை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் குட்டியைத் தூக்குமா என்று கேட்டேன். “அது பாட்டுக்குக் கிடக்குதுங்க, ஆட்டுக்குட்டி பக்கமே வராது. எலி புடிக்கிறதால நமக்கு நல்லதுதானுங்க” என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டு மூன்று கிலோ விலங்கு ஆட்டுக்குட்டியை என்ன செய்துவிட முடியும்?

வெயிலுக்கு அது வைத்திருக்கும் வழியும் எளிமையானது. பகலில் வளையிலோ புதர் நிழலிலோ படுத்துக்கொண்டு அந்தி மயங்கியதும் கிளம்பும். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் பகலிலேயே வெளியே வரும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் புற்றுக்குப் பக்கத்திலேயே விருந்து. மார்கழி, தையில் சோடி சேர்ந்து, ஐம்பது நாள் சொச்சத்தில் இரண்டு முதல் நான்கு குட்டி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே வளர்க்கும். பொங்கலையொட்டி வாழப்பாடிப் பக்கக் கிராமங்களில் வங்கா நரியை வலை வைத்துப் பிடித்து ஊர்வலம் விட்டு ஜல்லிக்கட்டு நடத்தும் வழக்கம் இருக்கிறது. நரி முகத்தில் விழித்தால் அந்த ஆண்டு செழிக்கும் என்ற நம்பிக்கை. வனத்துறை தடுத்து அபராதம் போடுகிறது, போடத்தான் வேண்டும். சோடி சேரும் பருவத்தில் பிடித்து அலைக்கழித்தால் குட்டி எங்கிருந்து வரும்?

சென்னையில் ஏன் இல்லை என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். லண்டனில் செந்நரி உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தில் சென்னையில் தெருநாய் உட்கார்ந்திருக்கிறது. குப்பை, ஹோட்டல் மிச்சம், எலி, ராத்திரித் தெரு எல்லாம் அதற்கே பட்டா. மாநகராட்சிக் கணக்கிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் நாய்கள். லண்டன் தெருவில் கேட்பாரற்ற நாய் கிடையாது, அதனால்தான் அங்கே நரிக்கு வழி திறந்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பக்கம் நன்னஜ் புல்வெளியில் அபி தமிம் வனக் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தீனி வைத்து, பக்கத்தில் நாய் கண்ணில் படும்படி செய்தால், நரி தீனியைக் குறைவாகவே எடுத்தது, நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பதிலேயே நேரம் போனது. நாய் கடித்துக் கொல்ல வேண்டும் என்றில்லை, அங்கே நின்றாலே போதும். இது போதாதென்று டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், வெறிநோய் இரண்டும் நாயிடமிருந்து நரிக்குத் தொற்றும்.

நிலமும் தோதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு, வேளச்சேரியும் பெரும்பாக்கமும் ஏரிக்கால். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நுழையும் மண்ணில் வளை எத்தனை நாள் தாங்கும்? ஜாக்கால் இங்கே தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், அது நாயோடு முறைத்து நிற்கும் அளவுக்குப் பெரியது. அடர்ந்த புதரும் கோரையும் அதற்குப் பிடிக்கும், நண்டு, மீன், செத்தது, பழம் எல்லாம் தின்னும். கிண்டிக் காடும் சதுப்போரமும் அடையாற்றங்கரைப் புதரும் அதற்குப் போதும்.

ஆகவே சென்னைக்கு நரி வரவில்லையே என்று நான் கவலைப்படவில்லை. வங்கா நரி இருக்கும் இடங்களில் அதன் நிலம் போய்க்கொண்டிருப்பதுதான் கவலை. அரசுப் பதிவேட்டில் புல்வெளிக்கும் முள்காட்டுக்கும் பெரும்பாலும் தரிசு என்றுதான் பெயர். தரிசு என்றதும் ஆளாளுக்கு ஒரு திட்டம் வந்துவிடும்: மனை பிரிக்கலாம், சோலார் தகடு பதிக்கலாம். மரம் நட்டுக் காடாக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு கிளம்புபவர்களும் உண்டு, நரிக்கு அவர்களும் ஆபத்துதான். எங்கும் பரவும் சீமைக்கருவேலம் வேறு வெட்டவெளியை மூடிவிடுகிறது. காட்டு விலங்கென்றால் காட்டில் போய் இருக்கட்டுமே என்பார்கள். இதற்குக் காடுதான் ஆகாதே.

மகளுக்கு நேரில் காட்ட ஆசைப்பட்டால், கோடை விடுமுறையில் காங்கேயம், தாராபுரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் போங்கள். மேய்ப்பவர்களைக் கேட்டால் வளை எங்கே என்று சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் வளைக்குள் குட்டி இருக்கும், ஆகவே கிட்டே போகாமல் தூரத்து வேலி மறைவில் உட்கார்ந்து, பைனாகுலரில் பாருங்கள். ஆள் வாடை பட்டால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு வளைக்கு மாற்றிவிடும். டார்ச் அடிக்காதீர்கள், கூட நாயை அழைத்துப் போகவே போகாதீர்கள். வெயில் இறங்கி அரை மணி கழித்துப் பெரும்பாலும் வெளியே வரும்.